விபத்தில்லா நாட்களின் கணக்கு

2010ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 20ஆம் திகதி, மெக்சிக்கோக் குடாவிலே, லூசியானாக் கரையிலிருந்து ஏறத்தாழ 66 கிலோமீற்றர் தொலைவில் மிதந்துகொண்டிருந்த ‘டீப்வோட்டர் ஹொறைசன்’ என்னும் துளையிடு மேடைக்கு விருந்தினர் சிலர் வந்திறங்கினர். எண்ணெய்க் கிணற்றுக்கு உரிமை பூண்ட பி.பி. கம்பனியையும், மேடைக்குச் சொந்தக்காரரான ட்ரான்ஸோஷன் கம்பனியையும் சேர்ந்த உயரதிகாரிகள் அவர்கள். தொழிலாளி ஒருவர் வேலைக்கு வரமுடியாது தங்கிவிடும் அளவுக்கு அம்மேடையில் ஏழு ஆண்டுகளாக எவருக்கும் காயம் ஏற்படவில்லை. அந்தச் சாதனையைப் பாராட்டுவது அவர்களது வருகையின் நோக்கங்களுள் ஒன்று. அன்றிரவு பத்து மணி அடிப்பதற்கு முன்னரே கிணறு சீறி வெடித்தது. பதினொரு தொழிலாளர் மாண்டனர்; அவர்களது உடல்கள் கிடைக்கவேயில்லை. மேடை இரண்டு நாள் எரிந்து கடலுள் மூழ்கிற்று. கிணறு 87 நாட்கள் எண்ணெயைக் கக்கிக்கொண்டேயிருந்தது.

இதனை விதியின் விளையாட்டு என்று கூறிப் பெருமூச்செறிந்து அப்பாற் செல்வது எளிது. ஆயின், சமுதாய நிகழ்ச்சிகளுக்குச் சமுதாயக் காரணங்களைத் தேடுவோர் அவ்வாறு செல்லுதல் தகாது. அன்று பாராட்டப்பட்ட எண் பொய்யெண் அன்று. ஏழு ஆண்டுகள் என்பது பதிவேட்டில் உள்ள உண்மை. அவ்வாறாயின், உண்மையான ஒரு கணக்கும் பதினொரு சாவும் ஒரே மேடையிலே, ஒரே நாளிலே எவ்வாறு ஒருங்கே இருக்க முடிந்தது? பெற்றோலியக் கைத்தொழிலின் கடந்த அரை நூற்றாண்டு வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியினுள் அடங்கியிருக்கிறது எனலாம்.

முதலில் அக்கணக்கின் தன்மையை நோக்குவோம். தொழிலாளி ஒருவர் காயமுற்று, அடுத்த முறை வேலைக்கு வர இயலாது போனால் அது வேலைநாள் இழந்த காயம் எனப் பதியப்படும். ஓர் ஆண்டிலே பதியப்பட்ட இத்தகைய காயங்களைத் தொழிலாளர் எல்லாரும் உழைத்த மணித்தியாலங்களோடு ஒப்பிட்டு, பத்து இலட்சம் மணித்தியாலத்துக்கு இத்தனை காயம் என்று விகிதங் காண்பர். பங்குதாரருக்குச் சமர்ப்பிக்கும் அறிக்கையில் இடம்பெறுவதும், முகாமையாளரின் மேலதிகப் பணக்கொடையை நிர்ணயிப்பதும், ஒப்பந்தகாரருள் யாருக்கு வேலை கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பதும் பெரும்பாலும் இவ்விகிதமே. ஆதலின் இதனைக் குறைப்பதற்கு எல்லாருக்கும் காரணம் உண்டு. குறைக்கும் வழிகளோ இரண்டு. காயத்தைக் குறைப்பது ஒன்று. காயம் ஏட்டில் ஏறுவதைக் குறைப்பது மற்றொன்று. கையிற் கட்டுப் போட்டவரை மறுநாளே அழைத்து, அலுவலக நாற்காலியில் இருத்தி, கடதாசி புரட்டச் செய்தால் அவர் வேலைக்கு வந்தவராகிறார். ஏடு தூய்மையாகவே இருக்கும்.

ஆனால் இந்தத் தந்திரத்திலும் பெரிய குறை ஒன்று உண்டு. அக்கணக்கு நேர்மையாகவே எழுதப்பட்டாலும் அது காட்டுவது ஒருவகை ஆபத்தை மாத்திரமே. வழுக்கி விழுதல், விரல் நசிதல், ஏணியிலிருந்து சறுக்குதல் என்பன அடிக்கடி நிகழ்வன, ஆதலால் எண்ணத்தக்கன. குழாயின் சுவர் துருவால் மெலிவது, எச்சரிக்கை மணி ஒலியாது போவது, பழுதுபார்க்கும் வேலை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்படுவது ஆகியவை ஒருவரையும் அன்றே காயப்படுத்துவதில்லை. அவை இருபது ஆண்டு மௌனமாய் இருந்து ஒருநாள் நூற்றுக்கணக்கானோரை ஒருசேரக் கொல்லும். அந்த நாள் வரும் வரைக்கும் ஏட்டில் பூச்சியமே இருக்கும். வரவுப் பதிவேட்டிலே நூற்றுக்கு நூறு வரவு கண்டு, வகுப்பிலே பாடம் நன்றாக நடக்கிறதென்று முடிவு கட்டும் பாடசாலைப் பரிசோதகரைப் போன்றதே, இப்பூச்சியத்தைக் கண்டு மகிழ்பவர் நிலை.

இந்த உண்மை பெரும் விலை கொடுத்துக் கற்கப்பட்ட இடம் வடகடல். அதன் அடித்தளத்தைப் பகுத்துக் கம்பனிகளுக்கு உரிமம் வழங்க வழிசெய்யும் சட்டத்தைப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1964இல் இயற்றிற்று. அடுத்த ஆண்டு செப்டெம்பரில் ‘சீ ஜெம்’ என்னும் மேடை பிரித்தானியக் கடலின் முதல் எரிவாயுவைக் கண்டது. பழைய தெப்பமொன்றுக்குப் பத்து இரும்புக் கால்கள் பூட்டி அமைத்த மேடை அது. மூன்று மாதங் கழித்து, டிசெம்பர் 27ஆம் திகதி, வேறிடத்துக்கு நகர்த்துவதற்காக அதனை ஆயத்தஞ் செய்கையில் கால்கள் முறிந்து கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 32 பேரில் 13 பேர் இறந்தனர். எண்ணெய் தேடுவதற்குச் சட்டம் இருந்தது. தேடுவோரின் உயிரைக் காப்பதற்கு முறையான சட்டம் இருக்கவில்லை என்பது விசாரணையிலே தெளிவாயிற்று. அக்குறையை நிரப்பும் சட்டம் 1971இலேயே பிறந்தது. உரிமத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையே ஏழாண்டு இடைவெளி!

சட்டம் பிறந்த இரண்டு ஆண்டுகளில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை நான்கு மடங்காயிற்று. கடனாலும் பணவீக்கத்தாலும் தளர்ந்திருந்த பிரித்தானியா 1976இல் சர்வதேச நாணய நிதியத்திடம் கைநீட்ட வேண்டிய நிலையில் இருந்தது. இந்நிலையில் வடகடல் எண்ணெய் எவ்வளவு விரைவில் கரைசேரும் என்பதே அரசாங்கத்தின் கவலையாயிற்று. எவ்வாறு சேரும் என்பது இரண்டாம் கேள்வி ஆயிற்று. எண்ணெய் உற்பத்தியைப் பெருக்கும் பொறுப்பும், அதில் உழைப்போரின் பாதுகாப்பை மேற்பார்வை செய்யும் பொறுப்பும் எரிசக்தித் திணைக்களம் என்ற ஒரே இடத்தில் ஒப்படைக்கப்பட்டன. அவசரப்படுத்துவதும் அவசரத்தைத் தடுப்பதும் ஒரே கையின் கடமையாயின், எது வெல்லும் என்பதை ஊகித்தறிவது கடினமன்று.

டபிள்யூ. ஜி. கார்சன் என்னும் அறிஞர் 1982இல் வெளியிட்ட நூலிலே இந்த அவசரத்தின் அரசியற் பொருளாதாரத்தை நுணுகி ஆராய்ந்தார். கடலின் கொந்தளிப்பும் புதுமையான தொழில்நுட்பமுமே தொழிலாளரைக் கொல்கின்றன என்பது அந்நாளில் நிலவிய பொதுக் கருத்து. இறப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்த கார்சன், அவற்றிற் பல கரையிலுள்ள எந்தத் தொழிற்சாலையிலும் நிகழத்தக்க சாதாரண விபத்துக்கள் என்றும், சாதாரணச் சட்டத்தை ஒழுங்காக நடைமுறைப்படுத்தியிருந்தாற் தவிர்த்திருக்கக் கூடியவை என்றும் காட்டினார். அவர் நூல் வெளிவருவதற்கு இரண்டாண்டு முன்னர், 1980இல், பேர்கொயின் தலைமையில் அமைந்த குழு பாதுகாப்பு மேற்பார்வை எரிசக்தித் திணைக்களத்திடமே இருக்கலாம் என்று அறிக்கையிட்டிருந்தது. அக்குழுவில் இருந்த தொழிற்சங்கத்தார் இருவர் மாத்திரம் உடன்படாது தனிக்குறிப்பு எழுதினர். அக்குறிப்பின் நியாயத்தை ஏற்றுக்கொள்ள அரசுக்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன.

கடலில் உழைத்தவரின் நிலையையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். நாளுக்குப் பன்னிரண்டு மணித்தியால வேலை. இரண்டு வாரம் கடலில், பின்னர் கரையில் ஓய்வு. பெரும்பாலோர் எண்ணெய்க் கம்பனியின் ஊழியரல்லர். ஒப்பந்தகாரரிடமும் உப ஒப்பந்தகாரரிடமும் கூலி பெற்றவர்கள். கரையிலுள்ள தொழிற்சாலைகளிலே பாதுகாப்புப் பிரதிநிதிகளை நியமிக்கும் உரிமையைத் தொழிற்சங்கங்களுக்கு 1977ஆம் ஆண்டு விதிகள் வழங்கின. அவ்விதிகள் கடலைத் தாண்டி மேடைக்குச் செல்லவில்லை. ஆபத்தைச் சுட்டிக்காட்டிய தொழிலாளி கரைக்குத் திரும்பியதும், அவருடைய பெயருக்கு நேரே மூன்று ஆங்கில எழுத்துக்கள் இடப்படுவதுண்டு. ‘திரும்பத் தேவையில்லை’ என்பது அவற்றின் பொருள். வேலைநீக்கக் கடிதம் இல்லை, விசாரணை இல்லை, காரணம் இல்லை. அடுத்த உலங்கு வானூர்தியில் அவருக்கு இடமும் இல்லை. பேசினால் வேலை போகும் என்று அறிந்தவர்கள் மத்தியில், அறிவிக்கப்படும் விபத்தின் தொகை குறைவாக இருப்பதிலே வியப்பென்ன?

இந்தப் பின்னணியிலேயே ‘பைப்பர் அல்பா’வின் கதையை வாசித்தல் வேண்டும். ஸ்கொத்லாந்தின் அபர்டீன் நகருக்கு வடகிழக்கே, ஏறத்தாழ 190 கிலோமீற்றர் தொலைவில் நின்ற இம்மேடை, ஒக்சிடென்ரல் கம்பனியால் இயக்கப்பட்டது. 1976இல் எண்ணெய் எடுப்பதற்கென்றே அமைக்கப்பட்ட அதிலே, பின்னர் எரிவாயுவைப் பதப்படுத்தும் இயந்திரங்களும் சேர்க்கப்பட்டன. ஆபத்தான பகுதிகளையும் மனிதர் தங்கும் பகுதிகளையும் தூரப்படுத்தி அமைத்த மூலத்திட்டம் இதனாற் குலைந்தது. எரிவாயுவை அமுக்கும் பகுதி கட்டுப்பாட்டறைக்கு அருகே வந்தது. இடையில் நின்ற சுவர்கள் தீயைத் தாங்குவதற்கு அமைந்தவை. வெடிப்பைத் தாங்குவதற்கு அல்ல.

1988 யூலை 6ஆம் திகதி மேடையில் 226 பேர் இருந்தனர். எரிவாயுவிலிருந்து பிரியும் இலேசான எரிதிரவத்தைக் கரைநோக்கி உந்துவதற்கு அங்கு இரண்டு பம்பிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று பழுதுபார்ப்புக்காக அன்று நிறுத்தப்பட்டது. அதன் அமுக்கப் பாதுகாப்பு வால்வைப் பரிசோதனைக்காகக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு மூடித் தகட்டைப் பொருத்தியிருந்தனர். மாலையில் வேலை முடியவில்லை. வால்வு திரும்பப் பூட்டப்படவில்லை. பம்பி பற்றிய அனுமதிப் பத்திரம் ஒன்று, வால்வு பற்றியது வேறொன்று. இரண்டும் ஒன்றோடொன்று தொடுக்கப்படவில்லை. பகல் முறையினர் போய் இரவு முறையினர் வந்தபோது, வால்வு இல்லை என்ற செய்தி அவர்களைச் சென்றடையவில்லை.

இரவு 9.45 மணியளவில் மற்றப் பம்பி நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் அது இயங்கவில்லை. இரண்டும் நின்றால் மேடையின் மின்சாரமும் உற்பத்தியும் தடைப்படும். எனவே இரவு முறையினர் பழுதுபார்ப்புக்கு விடப்பட்ட பம்பியை இயக்க முற்பட்டனர். கழற்றிய வால்வு இருந்த இடம் பம்பியின் அருகே கண்ணுக்குத் தெரியும் இடமன்று. தளர்வாக இருந்த மூடித் தகட்டின் இடுக்கினூடாக எரிபொருள் பீறிட்டது. பத்து மணியளவில் முதல் வெடிப்பு நிகழ்ந்தது. தீச்சுவர்கள் சிதறின, கட்டுப்பாட்டறை அழிந்தது, எண்ணெய்க் குழாய் உடைந்து பெருந்தீ மூண்டது.

தீயணைக்கும் நீர்ப்பம்பிகள் தாமாக இயங்கவில்லை. கடலுக்கடியில் வேலை செய்யும் சுழியோடிகளை அவை உறிஞ்சி இழுத்துவிடக்கூடும் என்று அஞ்சி, அவற்றைக் கையால் மாத்திரம் இயக்கத்தக்க நிலையில் வைத்திருந்தனர். அவற்றை இயக்கும் இடத்தைத் தீயினூடு எவராலும் அடைய இயலவில்லை. இயக்கியிருந்தாலும் பயன் குறைவே. நீர்தெளிக்கும் குழல்வாய்களிற் பல துருவால் அடைபட்டிருந்தன. 10.20 மணிக்கு, அயலிலிருந்த டார்ட்டன் மேடையிலிருந்து வந்த எரிவாயுக் குழாய் வெப்பந் தாளாது பிளந்தது. பல தொன் எரிவாயு தீயோடு கலந்தது. மேடையை அழித்தது இந்தத் தீயே.

டார்ட்டன், கிளேமோர் என்னும் அயல் மேடைகளிலே இருந்தோர் பைப்பர் எரிவதைக் கண்ணாற் கண்டனர். அப்போதும் அவர்கள் எண்ணெய் உந்துவதை உடனே நிறுத்தவில்லை. மூன்று மேடைகளின் எண்ணெயும் இணைந்த குழாய்வழியே ஓர்க்னித் தீவு முனையத்தை நோக்கி ஓடியதால், அவர்கள் கொடுத்த அமுக்கம் பைப்பரின் உடைந்த குழாயினூடாக எண்ணெயைத் தீயின் வாயிலே ஊட்டிற்று. அம்மேடைகளின் முகாமையாளர் கொடியவர்களல்லர். உற்பத்தியை நிறுத்துவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை மாத்திரம் அவர்களது நிர்வாகம் அவர்களுக்கு நன்கு கற்பித்திருந்தது. மேலிடத்துக் கட்டளையின்றித் தாமாகவே நிறுத்தும் துணிவை அது கற்பிக்கவில்லை.

பைப்பரின் தொழிலாளருட் பெரும்பாலோர், பயிற்சியிலே சொல்லப்பட்டவாறு, தங்கும் பகுதியிலே கூடி, உலங்கு வானூர்தியை எதிர்பார்த்துக் காத்திருந்தனர். புகையினூடு எந்த வானூர்தியும் இறங்க இயலாது. வெளியேறும் கட்டளை ஒருபோதும் வரவில்லை. காத்திருந்தோர் புகையால் மாண்டனர். கட்டளையை எதிர்பாராது கயிற்றினாலும் குழாயினாலும் இறங்கியோரும், பலமாடி உயரத்திலிருந்து கடலிற் குதித்தோருமே பிழைத்தனர். அவர்கள் தொகை 61. மேடையிலிருந்த 165 பேரும், அவர்களை மீட்கச் சென்ற சிறுபடகின் ஊழியர் இருவருமாக 167 பேர் இறந்தனர்.

குல்லன் பிரபுவின் தலைமையிலான பகிரங்க விசாரணை 1989 ஜனவரியில் தொடங்கிற்று. அறிக்கை 1990 நவம்பரில் வெளிவந்தது. இத்தகைய வேளைகளிலே ஒரு தொழிலாளியின் தவறை இனங்கண்டு, அவர் தலையிற் பழியைச் சுமத்திவிட்டு ஏட்டை மூடுவது வழக்கம். பம்பியை இயக்கியவரும் மூடித் தகட்டைப் பொருத்தியவரும் பெரும்பாலும் இறந்தோர் பட்டியலில் இருப்பதால் இது எளிதும் ஆகும். குல்லன் விசாரணை அவ்வாறு செய்யாது, அனுமதிப் பத்திர முறை நாள்தோறும் எவ்வாறு சீர்கெட்டுக் கிடந்தது என்பதை ஆராய்ந்தது. 1987 செப்டெம்பரில் இதே மேடையிலே தொழிலாளி ஒருவர் விபத்தில் இறந்திருந்தார். அன்றும் அனுமதிப் பத்திரத்திலும் முறைமாற்றத் தகவலிலும் குறைகள் இருந்தன. அவ்வழக்கிலே கம்பனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஆயினும் முறை மாறவில்லை. எரிவாயுக் குழாய் பிளந்து நீடித்து எரியுமாயின் மேடை தப்பாது என்பதும் கம்பனிக்கு முன்னரே எழுத்து மூலம் எடுத்துரைக்கப்பட்டிருந்தது. 1988 யூனில், பேரழிவுக்குச் சில நாட்களின் முன்னர், எரிசக்தித் திணைக்களப் பரிசோதகர் மேடைக்குச் சென்று திரும்பியிருந்தார். கண்முன்னே கிடந்த குறைகள் அப்பரிசோதனையில் வெளிப்படவில்லை.

அறிக்கை 106 சிபார்சுகளை முன்வைத்தது. அரசு அனைத்தையும் ஏற்றது. அவற்றுள் மூன்று நமது விஷயத்துக்கு இன்றியமையாதவை. முதலாவது, பாதுகாப்பு மேற்பார்வை எரிசக்தித் திணைக்களத்தின் கையிலிருந்து எடுக்கப்பட்டு, 1991இல் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. தொழிற்சங்கத்தார் இருவர் 1980இல் எழுதிய குறிப்பின் நியாயம் இவ்வாறு வென்றது. ஆனால் இடையில் 167 உயிர்கள் போயின. இரண்டாவது, ஒவ்வொரு மேடையிலும் பேரழிவு எவ்வாறு நிகழக்கூடும், அதனை எவ்வாறு தடுப்போம் என்பதைக் கம்பனியே ஆராய்ந்து எழுதி, மேற்பார்வையாளரின் ஏற்பைப் பெறவேண்டும் என்ற விதி 1992இல் வந்தது. விபத்து இதுவரை நிகழவில்லை என்று சொல்வது போதாது. இனி ஏன் நிகழாது என்பதை நிறுவுதல் வேண்டும். மூன்றாவது, எண்ணெய், எரிவாயுக் கசிவுகள் தனியே அறிவிக்கப்பட்டுத் தொகுக்கப்படலாயின. காயமடைந்த விரலை எண்ணியவர்கள், பேரழிவின் முன்னறிகுறியை எண்ணத் தொடங்கினர். கணக்கின் பொருளே மாறிய இடம் இது.

இம்மாற்றங்கள் நீதிபதி ஒருவரின் பேனாவிலிருந்து மாத்திரம் பிறந்தன என்று எண்ணுதல் தவறு. பைப்பர் எரிந்த மறுவருடம், 1989இல், வடகடல் தொழிலாளர் தம் சங்க வேறுபாடுகளைக் கடந்து ஓர் இணைப்புக் குழுவை அமைத்தனர். தமக்கெனப் பத்திரிகையொன்றை நடத்தினர். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் கோடையிலே வேலைநிறுத்தம் செய்தனர். மேடைகளை விட்டிறங்க மறுத்து அவற்றிலேயே அமர்ந்து போராடினர். நூற்றுக்கணக்கானோர் வேலையை இழந்தனர். பலர் கரும்பட்டியலில் ஏறினர். ஆனால் விசாரணை நடந்துகொண்டிருந்த அந்நாட்களில், அதன் கதவுக்கு வெளியே ஓர் இயக்கம் நின்றது என்பதை மறத்தலாகாது. பாதுகாப்புப் பிரதிநிதிகளைத் தொழிலாளர் தாமே தேர்ந்தெடுக்கும் விதி 1989இல் கடலுக்கு வந்தது. அப்பிரதிநிதிகளைப் பழிவாங்குவதைத் தடுக்கும் சட்டம் 1992இல் வந்தது. எனினும், கரையிலே தொழிற்சங்கங்களுக்கு இருந்த நியமன உரிமை அவ்விதிகளில் இடம்பெறவில்லை. பேரழிவுக்காகக் கம்பனிமீது குற்றவழக்கு எதுவும் தொடுக்கப்படவும் இல்லை.

வடகடலின் மறுகரையிலுள்ள நோர்வேயின் அநுபவத்தையும் இவ்விடத்தில் ஒப்புநோக்கலாம். 1977ஆம் ஆண்டின் வேலைச் சூழற் சட்டம், உடனடி ஆபத்துள்ள வேலையை நிறுத்தும் அதிகாரத்தைத் தொழிலாளரின் பாதுகாப்புப் பிரதிநிதிக்கு வழங்கிற்று. நோர்வேயை இலட்சிய பூமியாகக் காட்டுவது நம் நோக்கமன்று. 1980 மார்ச் 27ஆம் திகதி, தொழிலாளர் தங்கும் ‘அலெக்சாந்தர் கீலண்ட்’ என்னும் மிதவை, ஒரு வெடிப்பிலிருந்து வளர்ந்த முறிவினால் கால் ஒன்றை இழந்து கவிழ்ந்தது; 212 பேரில் 123 பேர் மாண்டனர். சட்டம் நல்லதாயின் இரும்பு முறியாது என்பது இல்லை. ஆயினும் வேலையை நிறுத்தும் அதிகாரம் தொழிலாளரின் கையில் இருப்பதற்கும், அவர் பெயருக்கு எதிரே மூன்று எழுத்து இடப்படுவதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

பைப்பரின் பாடம் உலகெங்கும் பரவியிருக்கவேண்டும். ஆனால் அநுபவம் தானாகக் கடல் கடப்பதில்லை; அதனைக் கடக்கச் செய்யும் சக்திகள் வேண்டும். 2005 மார்ச் 23ஆம் திகதி, அமெரிக்காவின் ரெக்சாஸ் சிற்றி நகரிலுள்ள பி.பி. கம்பனியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலே, பழுதுபார்த்தபின் மீள இயக்கப்பட்ட கோபுரமொன்றிலே திரவம் அளவு கடந்து நிரம்பிற்று. மட்டங் காட்டும் கருவி பொய் காட்டியது. எச்சரிக்கை மணி ஒலிக்கவில்லை. பழைய பாணியிலமைந்த போக்கியொன்றின் வழியே எரிதிரவம் வானத்தில் பீறிட்டு, ஆவியாகி, தீப்பற்றி வெடித்தது. அருகே நிறுத்தப்பட்டிருந்த தற்காலிக அலுவலக வண்டிகளிலும் அவற்றைச் சூழவும் இருந்த 15 பேர் இறந்தனர். ஏறத்தாழ 180 பேர் காயமுற்றனர். இறந்த பதினைவரும் ஒப்பந்தகாரரின் ஊழியர். ஒரு மாத காலம் வேலைநாள் இழந்த காயம் நிகழாமையைக் கொண்டாட அன்று நண்பகலில் அளிக்கப்பட்ட விருந்தை முடித்துக்கொண்டு அவர்கள் திரும்பியிருந்தனர்.

இவ்வாலையில் 2004ஆம் ஆண்டிலும் மூவர் இறந்திருந்தனர். ஆனால் அதே ஆண்டிற் பதிவான காய விகிதம் ஆலையின் வரலாற்றிலேயே மிகக் குறைந்தது! முன்னாள் அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் ஜேம்ஸ் பேக்கர் தலைமையில் அமைந்த குழு 2007இல் அறிக்கையிட்டபோது, தொழிலாளரின் தனிக்காய விகிதம் இறங்குவதைக் கண்டு, ஆலையின் இயந்திரப் பாதுகாப்பும் நன்றாக இருக்கிறதென்று பி.பி. தவறாகக் கருதியதை எடுத்துக் காட்டிற்று. அறிக்கை வெளிவந்து மூன்றே ஆண்டுகளில், அதே கம்பனியின் கிணற்றில், ஏழு ஆண்டுச் சாதனையைப் பாராட்ட விருந்தினர் வந்தனர்.

அங்கேயும் பழைய கதைதான். கிணற்றின் அடியிலிருந்து அமுக்கம் ஏறுகிறதா என்பதைக் காட்டும் சோதனை அன்று மாலை ஆபத்தையே காட்டிற்று. அது பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டது. வேலை திட்டத்துக்குப் பல வாரம் பிந்தியிருந்தது. கடல் எண்ணெய்க் குத்தகைகளை வழங்குவதும், உரிமைப்பணம் வசூலிப்பதும், பாதுகாப்பை மேற்பார்வை செய்வதும் அமெரிக்க அரசின் ஒரே திணைக்களத்தின் கையில் இருந்தன. பிரித்தானியா 1991இல் பிரித்ததை அமெரிக்கா 2011இலேயே பிரித்து முடித்தது. அதே ஆண்டு மேடைச் சொந்தக்காரரான கம்பனி, 2010ஆம் ஆண்டே தனது வரலாற்றில் பாதுகாப்பிற் சிறந்த ஆண்டு என்று பங்குதாரருக்கு எழுதி, அதிகாரிகளுக்குப் பணக்கொடையும் வழங்கிற்று. பதினொரு பேர் மாண்ட ஆண்டு அது. கண்டனம் எழுந்த பின்னர், அப்பணத்தின் ஒரு பகுதியை அவ்வதிகாரிகள் இறந்தோர் நினைவு நிதிக்கு அளித்தனர். அறிக்கையை எழுதியவர் கணக்கிலே பொய் புனைந்தார் என்று கூற இயலாது. விகிதம் உண்மையிலேயே குறைந்திருந்தது. அந்த விகிதத்தின் கண்ணில் பதினொரு சாவுக்கு அவ்வளவே பெறுமதி.

இவற்றால், விபத்துக்களை எண்ணுவதே வீண் என்று கொள்ளுதல் ஆகாது. ஒரு தொழிலாளியின் விரலும் விலைமதிப்பற்றது. அதனைக் காக்கும் எந்த முயற்சியும் நன்றே. எண்ணாது விட்ட காலத்திலே தொழிலாளர் இதனினும் மலிவாகச் செத்தனர். எண்ணிக்கை, கேள்விகளுக்குத் தொடக்கமாக இருக்கும்வரை அது தொழிலாளரின் கருவி. கேள்விகளுக்கு முடிவாக, மேடை வாயிலிலே தொங்கும் பலகையாக மாறும்போது, அது முதலாளியின் கருவியாகிறது. எதை எண்ணுகிறார்கள், எண்ணுபவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார், ஆபத்தைக் கண்டவர் ‘நிறுத்து’ என்று சொன்னால் வேலை நிற்குமா, சொன்னவரின் வேலை நிற்குமா என்ற இக்கேள்விகளை எழுப்பாது, எந்தப் பாதுகாப்புப் புள்ளிவிபரத்தையும் ஏற்றுக்கொள்ளல் தகாது. கைத்தொழில் எதுவாயினும், நாடு எதுவாயினும் இது பொருந்தும்.

அபர்டீன் நகரின் ஹேசில்ஹெட் பூங்காவிலே 1991இல் திறந்துவைக்கப்பட்ட நினைவுச் சின்னம் ஒன்று உண்டு. எண்ணெய்த் தொழிலாளர் மூவரின் வெண்கலச் சிலைகள் அவை. கீழே 167 பெயர்கள். அப்பெயர்களை எந்த மணித்தியாலக் கணக்காலும் வகுத்து விகிதங் காண முடியாது. பாதுகாப்பின் வரலாற்றை எழுதப் புகுவோர் பங்குதாரர் அறிக்கைகளிலிருந்து அன்றி, அப்பெயர்களிலிருந்து தொடங்குவதே நேர்மையாகும்.